குருகிராம் சிசிடிவி கதையை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

கூடல்_குசும்பன்:
‘டிஜிட்டல் அரெஸ்ட்’ திரியில் சைபர்_சேவகன் நேற்று எழுதியது: “எல்லை தாண்டிய மோசடியை போலீஸால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களைப் போன்ற தன்னார்வலர்களால்தான் முடியும். சந்தேகம் இருந்தால் குருகிராம் சிசிடிவியைப் பாருங்கள்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனித்திரி.

தெரியாதவர்களுக்கு: ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் ஒரு பிரிட்டன் யூடியூபர். குருகிராமில் போலி ‘டெக் சப்போர்ட்’ நடத்திய கால் சென்டரின் கணினிகளிலும் கேமராக்களிலும் புகுந்து பதிவு செய்தார். 2020 மார்ச்சில் பிபிசி ஒளிபரப்பியது. அப்புறம் போய்க் கதவைத் தட்டியது யார்? போலீஸ். சரி, கேள்வி ஒன்றே ஒன்று. அந்த வீடியோவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கத் தேவையான 65-பி சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்?

சைபர்_சேவகன்:
வந்துட்டாரய்யா வாய்தா வக்கீல். கதவைத் தட்டியது போலீஸ், ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கதவு என்று காட்டியது யார்? சிசிடிவி! அதற்கு முன் பக்கத்துத் தெருவில் இருந்தும் அவர்களுக்குத் தெரியவில்லையே. நான் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமான ஐ4சி-யில் பதிவு செய்த சைபர் தன்னார்வலர். நீங்கள் யார் சார்?

கூடல்_குசும்பன்:
நான் கேள்வி கேட்பவன். மின்னணு ஆவணத்தை நகலாகக் கொடுத்தால் சாட்சியச் சட்டம் 65-பி (2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு) சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். கேமரா திருடனுடையது. திருடன் போடுவானா? உங்கள் ஜிம் அண்ணா போட்டால், அடுத்தவர் கணினியில் புகுந்ததற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் அவரே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

சைபர்_சேவகன்:
சட்டவிரோதமாக எடுத்த பதிவும் சாட்சியமாகச் செல்லும். மல்கானி வழக்கு, 1973. போய்ப் படியுங்கள்.

கூடல்_குசும்பன்:
படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மல்கானியில் ரெக்கார்டரை மாட்டியது போலீஸ், அதுவும் பேசியவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு. 1973-இல் 65-பி பிறக்கவே இல்லை, அது 2000-இல் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே இங்கே ஒட்டினால் இப்படித்தான் ஆகும். கையெழுத்து யார்?

செல்டவர்_செல்வன்:
இரண்டு பேரும் அந்த கேமராவைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வெளிநாட்டு அழைப்பு உங்கள் போனில் உள்ளூர் எண்ணாக வருவது எப்படி என்று யாராவது கேட்டீர்களா? சிம் பாக்ஸ். வாடகை அறையில் ஒரு பெட்டி, முன்பக்கம் வரிசையாகக் குட்டி ஆண்டெனாக்கள், உள்ளே முப்பது, அறுபது சிம்கள். ஆள் இருக்க மாட்டான். பெட்டி சூடாகாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேன் மட்டும் ராத்திரி பகலாக ஓடும். சிம் யார் பெயரில்? ‘கமிஷன் தர்றோம்’ என்று சொல்லிக் கைரேகை வாங்கிய அப்பாவி பெயரில்.

மியான்மரில் இன்னும் மோசம். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு, எல்லைக்கு அந்தப் பக்கம் மோசடிக் கூடாரங்கள் இருக்கும் மியாவாடிப் பக்கம் மின்சாரம், இணையம், எரிபொருள் மூன்றையும் நிறுத்தியது. மோசடிக்காரர்கள் கூரையில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் செயற்கைக்கோள் இணையக் கருவியான ஸ்டார்லிங்க் வைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் 2,500-க்கு மேற்பட்ட கருவிகளை முடக்கிவிட்டதாக ஸ்பேஸ்எக்ஸ் அறிவித்தது. தன்னார்வலரும் வரவில்லை, எஸ்.ஐ.யும் வரவில்லை. ஒரு கம்பெனி நினைத்தது, நடந்தது. முன்பே ஏன் நினைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

கூடல்_குசும்பன்:
நல்ல தகவல், தனித்திரி போடுங்கள். இங்கே 65-பி.

மீஞ்சூர்_மணி:
தன்னார்வப் போலீஸ் என்றாலே எனக்கு ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஞாபகம்தான். 1993-இல் ராமநாதபுரத்தில் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் பிலிப் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார். 2020 சாத்தான்குளத்துக்குப் பிறகு தமிழக அரசே தடை போட வேண்டி வந்தது.

சைபர்_சேவகன்:
மணி அண்ணே, நான் லத்தி பிடிக்கிறவன் இல்லை, லேப்டாப் பிடிக்கிறவன். சாத்தான்குளத்தை இங்கே இழுப்பது அபாண்டம்.

கூடல்_குசும்பன்:
லேப்டாப் என்றதும் ஞாபகம் வந்தது. ஐ4சி தன்னார்வலர் விதிமுறையைப் படித்தீர்களா? உள்துறை அமைச்சகத்தோடு தொடர்பு என்று சமூக வலைத்தளம் உட்பட எந்தப் பொதுவெளியிலும் சொல்லிக்கொள்ளக் கூடாது. நீங்கள் கையொப்ப வரியிலேயே அசோகச் சக்கரத்தோடு போட்டிருக்கிறீர்கள். சட்டத்தைக் காக்கப் போகிறவர் சேரும்போதே விதியை மீறிவிட்டார். பிரமாதம்!

சைபர்_சேவகன்:
அது விளம்பரம் இல்லை, அறிமுகம். போன வருடம் யுபிஐ திரியில் நான் சொன்னதுதான் சரி என்று ஆனதிலிருந்து உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

கூடல்_குசும்பன்:
யுபிஐ திரியை மட்டுறுத்துநர் பூட்டினார். பூட்டினால் நீங்கள் ஜெயித்ததாக அர்த்தமா?

ஆண்டிப்பட்டி_அரசு:
என் சித்தி பையன் 2022-இல் மாட்டினான். டெலிகிராமில் ‘பாங்காக், டேட்டா என்ட்ரி, சாப்பாடு ரூம் இலவசம்’. விமான நிலையத்தில் கார் காத்திருந்ததாம். ராத்திரி முழுக்க ஓட்டித் தாய்லாந்து எல்லை ஊரான மேசாட், அங்கிருந்து மோய் ஆற்றைப் படகில் தாண்டினால் மியாவாடி. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பெண் பெயரில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெசேஜ் அடிக்கச் சொன்னார்கள். டார்கெட் முடிக்காதவனுக்கு அடி. அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்களே, அந்தச் செய்தியைப் பார்த்துச் சித்தி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இவன் அதற்கும் பிறகுதான் வந்தான். 2025 மார்ச்சிலும் விமானப்படை விமானத்தில் முதல் தடவையே 283 இந்தியர்களைக் கூட்டி வந்தார்கள். சேவகன் சார், உங்கள் ஆட்கள் அங்கே கேமராவில் புகுந்து அவன் முகத்தை யூடியூபில் போட்டிருந்தால் ஊர் அவனை என்ன சொல்லியிருக்கும்?

சைபர்_சேவகன்:
தம்பி, வருத்தம்தான். ஆனால் குருகிராம் வேறு, மியாவாடி வேறு. குருகிராமில் யாரையும் கட்டி வைக்கவில்லை, ஜாலியாகச் சிரித்துக்கொண்டே ஏமாற்றினார்கள். அதைக் காட்டியதும் சிசிடிவிதான்.

கூடல்_குசும்பன்:
மறுபடியும் சிசிடிவி! அதே ஜிம் அண்ணா 2021 ஜூலையில் ‘யூடியூப் சப்போர்ட்’ என்று நடித்தவனை நம்பித் தன் சேனலைத் தானே அழித்தாரே, அதையும் சொல்லுங்கள்.

சைபர்_சேவகன்:
திரும்ப வாங்கிவிட்டாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மறைக்காமல் அவரே வீடியோவும் போட்டார். உங்கள் போலீஸ் ஏமாந்தால் அப்படிச் சொல்லுமா?

மீஞ்சூர்_மணி:
என் கேள்விக்கு ‘அபாண்டம்’ என்பது பதிலா?

செல்டவர்_செல்வன்:
சிம் பாக்ஸுக்குத் தனித்திரி போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒரு ஈ காக்கா வரவில்லை.

கூடல்_குசும்பன்:
வருகிறேன் செல்வன், இங்கே வேலை முடியட்டும். சேவகன் இதுவரை எட்டுப் பக்கம் சுற்றிவிட்டார், கையெழுத்துக்கு வரவில்லை.

சைபர்_சேவகன்:
எட்டுப் பக்கமா? திரியே இன்னும் முதல் பக்கம் தாண்டவில்லை சார். எண்ணக்கூடத் தெரியாதவருக்கு 65-பி ஒரு கேடு.

கூடல்_குசும்பன்:
சரி, முதல் பக்கம். கையெழுத்து யார்?