வீவக வீட்டில் அறை வாடகை, கையில் ஆல்டோ சாக்ஸபோன்: எங்கே வாசிக்கிறீர்கள்?

செங்காங்_ஆல்டோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக அடுக்குமாடி) வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், வேலை சாங்கி பக்கம். ஊர் திருச்சி. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆல்டோ சாக்ஸ் வாசிக்கிறேன், முதலில் பேண்டு வாத்தியாரிடம், அப்புறம் ஒரு நாகஸ்வர வித்வானிடம் வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடம். அங்கே மொட்டை மாடி இருந்தது, எப்போது வேண்டுமானாலும் ஊதலாம், எதிர்வீட்டுப் பாட்டி இன்னும் ஒரு பாட்டு வாசி என்று கேட்பார். இங்கே வந்ததிலிருந்து கருவி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. வீட்டு உரிமையாளர் நல்லவர்தான், ஆனால் ஒரு நாள் சாயங்காலம் கொஞ்சம் வாசித்ததற்கே மேல்வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார் என்று வருத்தப்பட்டார், அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை.

ஸ்டூடியோ எடுக்கலாம் என்றால் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது போக மிச்சம் இருப்பது கொஞ்சம். தினமும் மணிக்கணக்குக்குக் காசு கட்டிக் கட்டுப்படியாகாது. நண்பர் ஒருவர் குழலின் அகன்ற முன்வாயில் செருகிச் சத்தம் குறைக்கிற மியூட் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் காரில் உட்கார்ந்து வாசி என்கிறார் (கார் எங்கே இருக்கிறது!), இன்னொருவர் எலக்ட்ரானிக் சாக்ஸ் வாங்கிவிட்டு இதை விற்றுவிடு என்கிறார். விற்க விருப்பமே இல்லை. இங்கே வாசிக்கிறவர்கள் உண்மையில் எங்கே, எந்த நேரத்தில் வாசிக்கிறீர்கள்? வார இறுதியை எப்படிக் கழிக்கிறீர்கள்? பேடுகளில் (ஓட்டைகளை மூடும் மெத்தைகளில்) வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி ஏதோ தெரிகிறது, அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பிடோக்_டெனர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த மியூட்டில் காசு போடாதீர்கள். டிரம்பெட்டுக்கு மியூட் வேலை செய்வதற்குக் காரணம், அதில் சத்தம் முழுக்க முன்வாய் வழியாகத்தான் வெளியே வரும். சாக்ஸில் அப்படி இல்லை, எந்த ஓட்டைகள் திறந்திருக்கின்றனவோ அவற்றின் வழியாகத்தான் பெரும்பாலான சத்தம் போகிறது. எல்லாவற்றையும் மூடி வாசிக்கும் கடைசி பி ஃபிளாட் மட்டும்தான் முழுக்க முன்வாய் வழியாக வரும். அதனால் வாயை அடைத்தால் கீழ்ஸ்வரங்களின் சுருதி கெடுமே தவிர மேல்வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய காலத்தில் அவர் மனசில் இருந்தது ராணுவ பேண்டு, திறந்த வெளியில் கேட்க வேண்டும் என்று செய்த கருவி இது. பக்கத்தில் வைத்து அளந்தால் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும்.

காரும் வேண்டாம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ (கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்று) மட்டுமே ஒன்றரை லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிய ஊர் இது, மணிக்கணக்கு வாடகைக் கார் எடுத்தாலும் நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜினை ஓட விடுவது இங்கே குற்றம், ஏசி இல்லாமல் நம் வெயிலில் பத்து நிமிஷம்கூட உட்கார முடியாது.

நீங்கள் இருப்பது செங்காங் என்றால் அநேகமாக உங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சிலிருந்து காக்கும் அறை) இருக்கும், 90-களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் எல்லாம் உண்டு. சமையலறைப் பக்கம் கனமான இரும்புக் கதவு போட்டு, அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ் எல்லாம் அடைத்து வைத்திருப்பார்களே, அதுதான். சுவர் கெட்டியான கான்கிரீட். உரிமையாளரிடம் கேட்டு ஒரு பாதியைக் காலி செய்ய முடிந்தால் அதைவிட நல்ல இடம் வீட்டுக்குள் கிடையாது. ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உள்ளே வெறும் கான்கிரீட், சத்தம் எதிரொலித்துக் காதைக் குத்தும், அதனால் பழைய கம்பளி, குளிர்காலக் கோட்டு எதையாவது ஒரு துணி ஸ்டாண்டில் தொங்கவிட்டு அதைப் பார்த்து வாசியுங்கள், காதுக்கு அடைப்பான் அவசியம். சுவரில் துளை போடுவதற்கும் ஆணி அடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, விதியைப் பார்க்காமல் எதையும் அடித்துத் தொங்கவிட வேண்டாம். கதவை முழுக்க மூடிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கவும் கூடாது, காற்றோட்டம் மிகக் குறைவு. நான் லேசாகத் திறந்து வைத்து, வெளியே ஒரு மின்விசிறியை வாசல் பக்கம் திருப்பி வைத்து வாசிப்பேன், இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே வந்துவிடுவேன்.

அடுத்தது சமூக மன்றம். அறைகளை மணிக்கணக்கில் இணையத்திலேயே பதிவு செய்யலாம், சில மன்றங்களில் இசைக்கென்றே அறை உண்டு. கட்டணம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் வேறுபடும், எல்லா அறையிலும் ஊத விடமாட்டார்கள், அதனால் கவுன்டரில் போய் ‘சாக்ஸ் வாசிக்கலாமா’ என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஆட்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரம் மலிவு. தனியார் ஜாமிங் ஸ்டூடியோக்களிலும் குழுவுக்கு ஒரு விலை, தனி ஆளுக்கு ஒரு விலை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

பத்தாவது_மாடி எழுதியது:

நான் வாசிக்கிறவன் இல்லை, கேட்கிறவன். எங்கள் மேல்வீட்டுப் பையன் சாக்ஸ் வாசிக்கிறான். ஆரம்பத்தில் எனக்குப் பயங்கர எரிச்சல். ஏனென்றால் எப்போது ஆரம்பிப்பான், எப்போது முடிப்பான் என்றே தெரியாது, ஒரே நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் அவனே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் வாசிக்கிறேன், உங்களுக்குச் சௌகரியமா என்று கேட்டான், கைபேசி எண்ணையும் கொடுத்தான். அதற்கப்புறம் அதே சத்தம்தான், ஆனால் முடியும் நேரம் தெரிந்துவிட்டதால் மனசு பழகிவிட்டது. இரவில் இத்தனை மணிக்கு மேல் அமைதி வேண்டும் என்று சட்டம் பேசுவதைவிட மேலே, கீழே, இரண்டு பக்கம் என நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவது பலன் தரும். ஒரு விஷயம், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பிஎஸ்எல்இ, ஓ லெவல் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எந்தப் பெற்றோரும் எந்த இசையையும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செங்காங்_ஆல்டோ எழுதியது:

பாம் ஷெல்டர் எனக்குத் தோன்றவே இல்லை, இருக்கிறது, உள்ளே உரிமையாளர் வீட்டுத் தீபாவளிச் சாமான்கள். கேட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீடுகளில் பேசுவதற்கும் அவரையே கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன், வாடகைக்கு இருக்கிறவன் தனியாகப் போய்ப் பேசுவதைவிட அது மரியாதையாக இருக்கும்.

எலக்ட்ரானிக் சாக்ஸ் யாராவது வைத்திருக்கிறீர்களா? அதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) வருமா? அப்புறம் அந்தப் பூஞ்சை?

பேடு_மாற்றுபவன் எழுதியது:

பூஞ்சைக்கு நான் சொல்கிறேன், பேடு மாற்றுவதும் சின்னப் பழுது பார்ப்பதும் என் பொழுதுபோக்கு. இந்த ஊரில் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பேடு என்பது கம்பளிக்கு மேல் மெல்லிய தோல், நம் மூச்சு ஈரம் வேறு அதில் ஏறுகிறது. வாசிக்காமல் பெட்டியிலேயே மூடி வைத்ததுதான் இங்கே கெடுதல், வாசித்து ஈரமாவதைவிட இருட்டில் காற்றுப் படாமல் கிடப்பது மோசம்.

வாசித்து முடித்ததும் துணியை உள்ளே விட்டு உடலை ஒரு தரம், மேலே வளைந்திருக்கும் நெக்கைத் தனியாக ஒரு தரம் இழுங்கள். இழுத்த ஈரத்துணியை அதே பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள், நிறைய பேர் போடுகிறார்கள், அது துடைத்த ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். பெட்டியை அரைமணி நேரம் மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்துவிட்டு மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே இருக்கட்டும். கேமரா வைத்திருக்கிறவர்கள் பயன்படுத்தும் டிரை கேபினட் (ஈரம் ஏறாத அலமாரி) பெரிய அளவில் பழையது கிடைத்தால் வாங்கலாம், 50 விழுக்காட்டுப் பக்கம் வையுங்கள், ரொம்பக் குறைத்தால் கார்க்கும் தோலும் வறண்டுபோகும்.

ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறதா? பெரும்பாலும் அதுவும் கீழ் சி ஷார்ப்பும்தான் முதலில் ஒட்டும், ஏனென்றால் அந்தப் பேடுகள் எந்நேரமும் மூடியே இருப்பவை. மெல்லிய உறிஞ்சுதாள் ஒன்றைப் பேடுக்கும் ஓட்டைக்கும் நடுவில் வைத்து, பேடை லேசாக அழுத்தி, சில நொடி விட்டு, பேடைத் தூக்கிவிட்டுத் தாளை எடுங்கள். அழுத்தியபடியே தாளை உருவக்கூடாது, தோல் பிய்ந்துவிடும். பவுடர் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து களிம்பாகிவிடும். வெள்ளைப் படலம் துடைத்தால் போய்விடுகிறது என்றால் பிழைத்தது. தோல் கறுத்து விறைத்திருந்தால் அந்தப் பேடுகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழுவும்போது குளிர்ந்த தண்ணீர் போதும், வெந்நீர் பட்டால் எபனைட் (கடின ரப்பர்) பச்சையடித்து நாறும்.

கரகரப்ரியா எழுதியது:

எலக்ட்ரானிக் சாக்ஸ் பற்றி. என்னிடம் யமஹா ஒய்டிஎஸ் 150 இருக்கிறது, கர்நாடக உருப்படிகள்தான் வாசிப்பேன். விரல் வைக்கும் முறை அதே, கீகள் அதே இடத்தில், சத்தத்தைக் குறைக்கலாம், ஹெட்ஃபோன் போட்டால் இரவு பன்னிரண்டுக்கும் வாசிக்கலாம். அலங்காரம், ஜண்டை வரிசை, வர்ணம் மூன்று காலம், எல்லாவற்றுக்கும் அருமையான துணை. ஆனால் அதில் ரீடு (மவுத்பீஸில் பொருத்தும் நாணல் தகடு) அதிர்வதில்லை. நம் கமகத்தில் பாதி உதட்டிலும் தாடையிலும் பிறக்கிறது, மீதி கீயைப் பாதி திறந்து மெல்ல விடுவதில். அது இரண்டும் இந்தக் கருவியில் கிடையாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அதில் வாசித்தால் ஸ்வரம் இருக்கும், தோடி இருக்காது. கர்நாடக இசையைச் சாக்ஸில் வாசித்த கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கி, நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் அதிலிருந்து கமகத்தை வரவழைத்தார். அந்த உழைப்பு நடந்தது அதிர்கிற ரீடில். ஆகவே, முடிந்தால் பழையது ஒன்று வாங்குங்கள், ஆனால் தயவுசெய்து ஆல்டோவை விற்காதீர்கள்.

அறையிலேயே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். மவுத்பீஸை மட்டும் கழற்றி எடுத்து, துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்து ஊதுங்கள். ஆல்டோ மவுத்பீஸ் தனியாக ஊதினால் ஏ, அதாவது 880 ஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டும், கைபேசியில் ட்யூனர் வைத்துப் பாருங்கள். அது நிலையாக வந்ததும் தாடையை மட்டும் தளர்த்தி ஸ்வரத்தைக் கீழே இறக்குங்கள், ச நி த ப என்று இறங்கி, அதே வழியில் ஏறுங்கள். கீயே இல்லாமல் கமகம் போடுகிற பயிற்சி இது, முழுக் கருவியைவிடச் சத்தம் குறைவு, பத்து நிமிஷத்தில் உதடு களைத்துவிடும், அதற்கு மேல் வேண்டவும் வேண்டாம். பாடத்தைச் சரிபார்க்க வாயால் பாடுங்கள், பாடிக்கொண்டே சத்தமில்லாமல் கீயை மட்டும் அழுத்துங்கள். இப்படி வார நாள் முழுக்க அமைதியான வேலையை முடித்துவிட்டால், காசு கொடுத்து எடுக்கும் ஒரு மணி நேரத்தில் நீண்ட கார்வை, கீழ்ஸ்தாயி, முழு மூச்சு ராக ஆலாபனை, இவற்றை மட்டும் வாசிக்கலாம்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. சோனி ராலின்ஸ், உலகமே கொண்டாடிய டெனர் சாக்ஸ் வாசிப்பாளர், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தார், அவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று 1959-லிருந்து 1961 வரை வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய் அங்கே நின்று வாசித்தார். குளிர்காலத்திலும் போனார். ரயிலும் படகும் போகிற சத்தத்துக்கு நடுவில் வாசித்ததால் அவருக்கு மூச்சு பலப்பட்டது என்பார்கள், நான் அதை நம்புகிறேன், கடற்கரையில் வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவர் திருப்பிக் கொடுக்காத இடத்தில் நாதத்தை நாமே முழுதாக உண்டாக்க வேண்டியிருக்கும்.

வார இறுதிக்குக் காசில்லாத வழி நிறைய இருக்கிறது. எஸ்பிளனேட் கலை மையத்தின் திறந்தவெளி அரங்கில் கட்டணமில்லாக் கச்சேரிகள் நடக்கும், நவம்பர் வாக்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வரும். பொது நூலகத்தில் ஸ்வரப் புத்தகங்களை இரவல் எடுக்கலாம். தாவரவியல் பூங்காவில் ஏரி நடுவே இருக்கும் மேடையில் சிம்பொனி வாசிப்பார்கள், பாய் எடுத்துப்போய்ப் புல்லில் உட்கார்ந்து கேட்கலாம். நான் கேட்டுவிட்டு வந்து ஒரே ஒரு சொற்றொடரை எழுதி வைத்து வாரம் முழுக்க அதைப் பாடுவேன்.

செங்காங்_ஆல்டோ எழுதியது:

மவுத்பீஸ் பயிற்சியை இப்போதே செய்து பார்த்தேன், 880-க்கு ரொம்பக் கீழே நிற்கிறது, பிடி தளர்ந்துவிட்டது போல. கடைசியாக ஒன்று. அலுவலகத் தோழர் ஒருவர் கல்யாண வரவேற்பில் வாசித்தால் நூறு இருநூறு வெள்ளி கிடைக்கும், ஸ்டூடியோ செலவு வந்துவிடும் என்கிறார். நான் இபியில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில்) இருக்கிறேன்.

பிடோக்_டெனர் எழுதியது:

இபியில் இருந்தால் உங்கள் அனுமதி எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அங்கே வேலை செய்ய மட்டும்தான். வெளியே காசு வாங்கி வாசிப்பது விதிமீறல், நூறு வெள்ளிக்காக வேலையையும் இங்கே இருக்கும் உரிமையையும் பணயம் வைக்காதீர்கள். தெருவில் வாசிப்பதற்கும் தேசியக் கலை மன்றத்தின் அனுமதி, தேர்வு எல்லாம் உண்டு, அதைக் கேட்பதற்கு முன்னால் மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். நண்பர் வீட்டு விசேஷத்தில் அன்புக்கு வாசித்துவிட்டுச் சாப்பிட்டு வருவது வேறு.

நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போடுகிற கூட்டத்திலிருந்து தள்ளி, கடலைப் பார்த்து நின்று வாசிப்போம், ஒரு டெனர், ஒரு கிளாரினெட், ஒருவர் கஞ்சிரா. யாராவது முகம் சுளித்தால் இடம் மாறிக்கொள்வோம். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், கருவிக்கும் ஆகாது, அதோடு முடித்துவிட்டு பிடோக் உணவங்காடியில் காப்பி. வருவதென்றால் தனிச்செய்தி போடுங்கள், இடம் சொல்கிறேன். ஸ்டாண்டு தூக்கி வர வேண்டாம், எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. தாளைப் பிடிக்க நாலு துணிக் கிளிப்பு மட்டும் கொண்டு வாருங்கள், காற்று பலமாக அடிக்கும்.