ஜி-யிலிருந்து சி-க்கு மாறும்போது தாளம் நின்றுவிடுகிறது

கேள்வி:
அக்கூஸ்டிக் கிட்டார், மூணு மாசம் ஆகுது. ஜி, சி, டி கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற பிடி) மூணும் தனித்தனியா சுத்தமாகக் கேட்குது. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது மட்டும் ஒவ்வொரு விரலா தேடித்தேடி வைக்கிறேன், அதுக்குள்ள தாளம் போயிடுது. ஜி-க்கு 6-ஆம் (தடிமனான) கம்பியில் நடுவிரல், 5-இல் ஆள்காட்டி, 1-இல் (மெல்லிய கம்பி) மோதிர விரல். எதை மாத்தணும்?

பதில் 1:
விரல் அமைப்பைத்தான் மாத்தணும். இப்போ உங்க மோதிர விரல் 1-ஆம் கம்பியிலிருந்து 5-ஆம் கம்பிக்குத் தாவுது. மத்த ரெண்டும் எதிர்ப்பக்கம் ஓடுது. தடுமாறாம என்ன செய்யும்?

ஜி-யை இப்படிப் பிடிங்க: மோதிர விரல் 6-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கிற உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்), நடுவிரல் 5-ஆம் கம்பி 2-ஆம் ஃப்ரெட், சுண்டுவிரல் 1-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட். சி-க்கு மோதிர விரலும் நடுவிரலும் அதே ஃப்ரெட்டில், ஜோடியா, தரைப் பக்கம் ஒரு கம்பி நகர்ந்தா போதும். சுண்டுவிரலை எடுத்துட்டு, ஆள்காட்டியை 2-ஆம் கம்பி 1-ஆம் ஃப்ரெட்டில் வைங்க. சுண்டுவிரல் முதல்ல மங்கலாத்தான் கேட்கும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி அழுத்தினா தெளிஞ்சிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே வலது கையை நிறுத்தவே கூடாது. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டில் வைங்க. ஒண்ணுக்கு ஒரு ஸ்ட்ரம் (கம்பிகளைச் சேர்த்து ஒரு அடி), ரெண்டு-மூணு-நாலு முழுக்க விரல் மாறுறதுக்கு. பிசகாம வந்தப்புறம் ஒண்ணுக்கும் மூணுக்கும் ஸ்ட்ரம், அப்புறம் நாலுக்கும். கடைசி அரைத்தட்டில் மேல்நோக்கி அடிக்கும்போது இடது கை காற்றில் இருந்தாலும் பரவாயில்லை, திறந்த கம்பிகள் ஒலிக்கட்டும். கேட்கிறவங்க காதுக்கு அது உறுத்தாது, தாளம் அறுந்தா உடனே உறுத்தும்.

விரல்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. சி-யிலிருந்து டி-க்கு எந்த விரலும் பொதுவா இல்லையே?

பதில் 1:
இல்லைதான். பாட்டு ஜி மேஜர் ஸ்கேலில் இருந்தா சி-க்குப் பதிலா சி ஆட்9 (சி கார்டோட ஒரு வகை) பிடிச்சுப் பாருங்க: 5-ஆம் கம்பி 3-இல் நடுவிரல், 4-ஆம் கம்பி 2-இல் ஆள்காட்டி, 2-ஆம் கம்பி 3-இல் மோதிர விரல், 1-ஆம் கம்பி 3-இல் சுண்டுவிரல். டி-க்குப் போகும்போது மோதிர விரல் இடத்தை விட்டு அசையவே வேண்டாம். எல்லாப் பாட்டுக்கும் இது ஒத்துவராது. சாதா சி-யையும் விட்டுடாதீங்க.

பதில் 3:
கிட்டாரையும் ஒருதரம் சோதிங்க. 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டதும் அழுத்துறது சட்டுன்னு லேசானா, நட்டின் (கழுத்தோட தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளங்கள் உயரமா இருக்கு. கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பாருங்க: 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல காகித அளவு இடைவெளிதான் இருக்கணும். அதிகம்னா ரிப்பேர் பண்றவரிடம் கொடுத்து அரம் போடச் சொல்லுங்க, நீங்களே தேய்க்காதீங்க. கூடுதலா தேய்ஞ்சா கம்பி இரையும், நட்டையே மாத்த வேண்டி வரும்.