கேட்காத வகுப்பும் புனித அகுஸ்தினாரும்

சோமனூர் பக்கத்து ஆசிரியை:

விசுவாசமும் வேலையும் முட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். எனக்கு இருக்கிறது.

ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். போன செமஸ்டரில் அரியர் வைத்திருந்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தனி வகுப்பு வைத்தேன். யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை, சம்பளமும் இல்லை. நோட்ஸை என் செலவில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற கணக்கு) நடத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் எழுந்து, "மேம், இது எக்ஸாமுக்கு வருமுங்களா? வராதுன்னா நாங்க கிளம்பறமுங்க" என்றான். ஒரு கூட்டமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜெராக்ஸ் பெஞ்சிலேயே கிடந்தது. செமஸ்டர் முடிவில் கருத்துப் படிவத்தில் யாரோ "தேவையில்லாம ஓவரா நடத்தறாங்க" என்று எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகள் எழுந்து போன அன்று மாலை கருமத்தம்பட்டி மாதா கோயிலில் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். சனிக்கிழமை என்பதால் சந்தோஷ தேவ இரகசியங்கள், அதாவது இயேசுவின் பிறப்பையும் சிறுவயதையும் நினைத்து ஜெபிக்கும் ஐந்து பகுதிகள். ஐந்தாவது, சிறுவன் இயேசுவைப் பெற்றோர் எருசலேம் ஆலயத்தில் கண்டது. போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எத்தனையோ முறை சொன்ன ஜெபம்தான். அன்றைக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் அழுதுவிட்டேன்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் ஐந்தாம் பகுதியை வாசிக்கச் சொன்னார்.

அகுஸ்தினார் நம்மைப் போலச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தார். மற்ற ஆசிரியர்களின் மாணவர்கள்கூட அனுமதியில்லாமல் வகுப்புக்குள் புகுந்து ரகளை செய்வார்களாம். பொறுக்க முடியாமல் கி.பி. 383-ல் ரோமுக்குப் போனார். அங்கே ரகளை இல்லை. ஆனால் கட்டணம் கொடுக்கும் நேரம் வந்ததும் மாணவர்கள் பேசிவைத்துக்கொண்டு மொத்தமாக வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்கள். அவர்களை என் மனம் வெறுத்தது என்று மறைக்காமல் எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. அவர்கள் செய்தது அநியாயம் என்பதற்காக வெறுத்தேனா, அதனால் எனக்கு நஷ்டம் என்பதற்காக வெறுத்தேனா என்று தன்னையே கேட்கிறார். இரண்டாவதுதான் பெரிதாக இருந்திருக்கும் என்கிறார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. பிள்ளைகள் நன்றி சொல்லாதது எனக்கு வலிக்கிறது. அதை ஆண்டவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு பையன் பட்டம் வாங்கிக்கொண்டு திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் போய் உட்கார்ந்தால், அது அவனுக்கு நஷ்டம். அதற்குக் கோபப்படத்தான் வேண்டும். வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப் போக வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபம், முந்தின நாள் இரவு ரிசப்ஷன். பந்தியில் ரச வாளியோடு வந்தவன், முதல் மணி நேரத்தில் எப்போதும் தூங்குகிற என் மாணவன். கேட்டரிங் வேலைக்கு வந்திருந்தான்.

"நாளைக்குக் கிளாஸுக்கு வருவியா கண்ணு?"

"வந்துருவனுங்க மேம். இங்க பாத்திரமெல்லாம் வண்டி ஏத்தி முடிக்க ரெண்டு மணி ஆயிருமுங்க. தூங்கினா மட்டும் திட்டாதீங்க."

தை, ஆவணி முகூர்த்தங்களில் எங்கள் பையன்கள் பல பேர் இப்படித்தான் காலேஜுக்கு வருகிறார்கள். தூங்குகிறவனை நன்றி கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதையே எல்லாருக்கும் சாக்காக எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். ஜெராக்ஸை விட்டுவிட்டுப் போனவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அகுஸ்தினார் ஆயரான (பிஷப்) பிறகு, கி.பி. 400 வாக்கில், கார்த்தேஜைச் சேர்ந்த தியோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்), விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தான் நடத்தும் பாடம் தனக்கே சலிப்பாக இருக்கிறது என்று அவருக்கு எழுதினார். பதிலாக அகுஸ்தினார் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். கேட்கிறவர் நின்று களைத்துப்போனால் உட்கார இடம் கொடு என்கிறார். நமக்குப் பழகிப்போன ஊரை முதல்முறை வருகிறவருக்குச் சுற்றிக் காட்டும்போது அவர் சந்தோஷத்தில் நமக்கும் அது புதிதாகிவிடுகிறது, பாடமும் அப்படித்தான் என்கிறார். வருஷா வருஷம் அதே திட்டவிலக்கத்தை நடத்துகிற எனக்கு இதைவிட உதவியான வார்த்தை கிடைக்கவில்லை.

ஈரோட்டிலிருந்து, பொறியியல் கல்லூரிக் கணித ஆசிரியர்:

வணக்கம் சகோதரி. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நான் பிடித்துக்கொண்டது லூக்கா 17-ம் அதிகாரம். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்கிறார். அவரே கேட்டிருக்கும்போது, நமக்கு மனம் நோவது பாவமாகாது. ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லை.

எங்களிடம் இந்த மனவருத்தம் சாதாரண விஷயம் இல்லை, மார்க் வரைக்கும் போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே நாங்கள் போடுவது, 40 மார்க். மரியாதை இல்லாதவனுக்கு அதில் கை வை என்று எங்கள் துறையிலேயே சொல்வார்கள். வகுப்பில் என் முகத்துக்கு நேரே சிரித்த பையனுக்கும் அவன் எழுதியதற்குரிய மார்க்கைத்தான் போட்டேன். போடும்போது கை கூசியது. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போட்டேன். அவன் இன்றுவரை என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் பேசியதில்லை.

சோமனூர் பக்கத்து ஆசிரியை:

நன்றிங்க சார். நீங்கள் சொன்ன மார்க் விஷயம் எங்கள் கல்லூரியிலும் உண்டு. இதைத் துறைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒன்று: முகூர்த்தத்துக்கு மறுநாள் முதல் மணி நேரத்தில் இப்போது நான் புதுப் பாடம் தொடங்குவதில்லை. பழைய கணக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, பெஞ்ச் பெஞ்சாகப் போய்ப் பார்க்கிறேன். கோபி, தாராபுரம் பக்கம் இருக்கிற ஆசிரியர்கள் இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.