கோடியக்கரைல வெளிமானை கிட்டத்துல பாக்க ஐடியா குடுங்க

வணக்கம் மக்களே, நாங்க மன்னார்குடி பக்கம். அரையாண்டு லீவுக்கு அக்கா பசங்க வந்துருக்கானுங்க, முதுமலை சஃபாரில யானை வேன் ஜன்னலோரம் வந்து நின்னுச்சாம், அதையே சொல்லிச்சொல்லி காதுல ரத்தம் வர வைக்கிறானுங்க.. நம்ம பக்கமும் காடு இருக்குடான்னு கோடியக்கரை கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், 1967லேருந்து சரணாலயம், யானை புலில்லாம் கெடையாது, வெளிமான், புள்ளிமான், நரி, அப்பறம் குதிரைங்க (காட்டுக்குதிரைன்னு சொல்றாங்க, உண்மைல வளத்த குதிரைங்க வம்சம்தான்).

முறுக்குக் கொம்பு இருக்குற ஆண் வெளிமான் கிட்டத்துல தெரியணும்னா காலைல போறது பெட்டரா சாயங்காலமா? சொந்தக் காரை உள்ள விடுறாங்களா, இல்ல அங்கயே வண்டி எடுக்கணுமா? பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் மார்கழில எந்தப் பக்கம் நிக்கும்? உங்களுக்கு எது ரொம்பக் கிட்ட வந்துச்சு, எங்கன்னு எடம் சொன்னா போதும், போட்டோ இருந்தா போடுங்க, பசங்ககிட்ட காட்டணும்.