அரையாண்டில் சறுக்கி, பொதுத்தேர்வில் எழுந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
ப்ளஸ் டூ அரையாண்டில் கணக்கு 90க்கு 41. பேப்பர் கொடுத்த அன்று சார் திட்டவில்லை. "முந்தின ராத்திரி எதைப் படிச்சே?" என்று மட்டும் கேட்டார். கோளத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய கூம்பின் கனஅளவு, கோளத்தில் 8/27 பங்கு என்று நிறுவும் கணக்கு. நோட்டைப் பார்த்து மூன்று முறை எழுதியிருந்தேன். சாக்பீஸைக் கையில் கொடுத்து "போடு" என்றார். வட்டம் வரைந்தேன், உள்ளே முக்கோணம் வரைந்தேன். அதற்கு மேல் கை நகரவில்லை. சார் அவசரப்படுத்தவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் தினமும் காலை ஐந்து மணிக்கு, நோட்டை மூடிவைத்து இரண்டு கணக்கு. தடுக்கினால் திறந்து பார்ப்பேன், மூடிவிட்டு முதல் வரியிலிருந்து போடுவேன். பொதுத்தேர்வில் 100க்கு 87.

இரண்டாம் பெஞ்ச்:
ஐந்து மணி எல்லோருக்கும் ஒத்துவராது. நான் எழுந்து பார்த்தேன், முதல் பாடவேளையிலேயே தூங்கிவிழுந்தேன். எனக்கு உதைத்தது இயற்பியல். ஒரு மதிப்பெண் கேள்வி 15இல் 6தான் சரி. புக் பேக், அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள், முழுக்கத் தெரியும் என்று பஸ்ஸில் நண்பனிடம் சாதித்தேன். அவன் புத்தகத்தைப் பிரித்து, நான்கு விடைகளையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்தான். பதிலே வரவில்லை. 'மூன்றாவது விடை' என்றுதான் ஞாபகம் இருந்தது, விடை இல்லை. நான் இறங்கும் வரை அவன் விரலை எடுக்கவே இல்லை.

பொன்னி:
எனக்குப் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் அரை மார்க்கில் போனது. கவுன்சிலிங்கில் கேட்ட கல்லூரி வரவில்லை என்றதும் அப்பா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. கணக்கு மதிப்பெண் அப்படியே 100க்குச் சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பது. ஆக, கணக்கில் ஒரு மார்க் விட்டால் இயற்பியலில் இரண்டு விட்டதற்குச் சமம். கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்ப்பது கணக்கைத்தான். அதற்காக @இரண்டாம் பெஞ்ச் சொன்னதை விட்டுவிடவும் கூடாது, கணக்கிலும் 90இல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள்தான். இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20 இருக்கிறது, ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றிலும் தப்பான கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி, விடை பார்க்காமல் ஒரு வாரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். நான் இதைப் பிப்ரவரியில்தான் தொடங்கினேன்.

வைகைக்கரை:
@இரண்டாம் பெஞ்ச், நேரம் எதுவானாலும் சரி, நோட்டை மூடுவதைத்தான் சொன்னேன். உங்கள் நண்பர் விரலால் செய்ததும் அதுதான். கூம்பின் ஆரத்தை உயரத்தை வைத்து எழுத வேண்டும், அந்த வரியில்தான் அன்று நின்றுபோனேன். நேற்று என் தங்கை பையனுக்கு அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். அந்த வரி வந்ததும் சாக்பீஸ் பிடித்த மாதிரியே விரல் இறுகியது.