பின்னணி என்னும் ஒரே சொல் போதாது: ‘வரைதளம்’, ‘படத்தாள்’ ஆகியவற்றுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் தரவைப் படமாக வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்பைத் தமிழில் விளக்கும்போது ‘பேனல்.பேக்ரவுண்ட்’, ‘பிளாட்.பேக்ரவுண்ட்’ ஆகிய இரண்டையும் நாம் ‘பின்னணி’ என்றே எழுதி வருகிறோம். நான் நடத்திய ஒரு வகுப்பில், என் குறிப்பில் ‘பின்னணியை வெள்ளையாக்குக’ என்றிருந்ததைப் படித்த மாணவி ஒருவர், பிளாட்.பேக்ரவுண்டுக்கு வெள்ளை நிறம் கொடுத்துவிட்டுப் படத்தில் எதுவுமே மாறவில்லையே என்று வெகுநேரம் திகைத்திருந்தார். அது முதலிலிருந்தே வெள்ளைதான். அவர் நீக்க விரும்பிய சாம்பல் நிறம் பேனல்.பேக்ரவுண்டுக்கு உரியது. இரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை நான் கொடுத்திருந்தால் அவருக்கு அந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

ஆர் மொழியோடு வரும் 32 கார்களின் தரவை எடுத்துக்கொள்வோம். எஞ்சினில் 4, 6, 8 என எத்தனை சிலிண்டர்கள் உள்ளன என்பதைப் பொறுத்துப் படத்தைப் பிரித்தால், அருகருகே மூன்று செவ்வகங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறமும் அதன்மேல் வெள்ளைக் கட்டக்கோடுகளும் இருக்கும். தலைப்பு, அச்சுகளின் பெயர்கள், ஓரத்து வெற்றிடம் ஆகியவற்றோடு இம்மூன்றையும் சேர்த்துத் தாங்குவது ஒரே பெரிய செவ்வகம். சிறிய செவ்வகம் ஒவ்வொன்றும் ‘பேனல்’, பெரியது ‘பிளாட்’. சிறிய செவ்வகத்துக்குள் ஒரு புள்ளியைச் சற்று நகர்த்தினால் தரவின் மதிப்பே மாறிவிடும்; பெரிய செவ்வகத்தின் ஓரத்தில் தலைப்பை எங்கு நகர்த்தினாலும் எந்த மதிப்பும் மாறாது. கலைச்சொல் இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

பேனலுக்குப் ‘பலகம்’ என்றும் ‘சட்டகம்’ என்றும் முன்பு எழுதியிருக்கிறோம். பலகம், திரையில் பொத்தான்கள் வரிசையாக உள்ள பகுதிக்கு ஏற்கெனவே வழங்குகிறது. சட்டகத்தை ஏற்பதில் இன்னும் பெரிய இடர் உண்டு: தரவை அட்டவணையாக வைத்திருக்கும் ‘டேட்டா ஃபிரேம்’ என்பதைத் தரவுச்சட்டகம் என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் படத்தின் சட்டகம் என்றும் எழுதினால், புதிதாகக் கற்பவர் இரண்டையும் தொடர்புடையவை என்றே எண்ணுவார். ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘வரைதளம்’. கார்ட்டீசியன் தளம் என்று பள்ளிக் கணிதத்தில் படித்தவர்களுக்கு, ஆயத்தொலைவுகள் பொருள்படும் இடமே தளம் என்பது முன்பே தெரியும். இணையதளம் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது; ‘வரை’ என்ற முன்னொட்டு அதைப் போக்கிவிடும் என்று கருதுகிறேன்.

பெரிய செவ்வகத்துக்குப் ‘படத்தாள்’. ஆகவே, ‘வரைதளப் பின்னணி’, ‘படத்தாள் பின்னணி’ என்று இரண்டையும் பிரித்து எழுதலாம். பைத்தான் மொழியில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்திலும் ‘ஆக்ஸஸ்’, ‘ஃபிகர்’ என்று இதே பிரிவு உள்ளது. அங்கே ஆக்ஸஸ் என்பதை ‘அச்சுகள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பெரும்பிழை. அந்நூலகத்தில் அது வரைதளத்தையே குறிக்கிறது. இரு மொழிகளுக்கும் ஒரே சொல் பொருந்துவது இம்முன்மொழிவின் பெரிய பலம்.

‘பின்னணி’ என்ற சொல்லை விலக்கிப் ‘பின்புலம்’ என்று எழுதலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. தரவுத்தளங்களில் ‘ஃபீல்டு’ என்பதற்குப் புலம் என்று எழுதுகிறோம். புள்ளியியல் நூலில் அந்தச் சாயல் வேண்டாம். மேலும், பின்னணி என்பது தரவுக்கு அடியில் வரையப்படுவது என்ற பொருளைச் சரியாகவே தருகிறது. தொகுப்பை உருவாக்கிய ஹாட்லி விக்கம், தரவு முன்னே எடுப்பாகத் தெரிய வேண்டும், கட்டக்கோடுகளோ தேவைப்படும்போது மட்டும் கண்ணுக்குப் பட வேண்டும் என்பதற்காகவே சாம்பல் நிறத்தையும் வெள்ளைக் கோடுகளையும் இயல்பமைப்பாக்கினார். பேனலைச் சுற்றி வரும் ‘பேனல்.பார்டர்’ இதற்கு நேர்மாறு: அது தரவுக்கு மேலே வரையப்படுகிறது, அதற்கு நிறம் நிரப்பினால் புள்ளிகள் முழுவதும் மறைந்துவிடும். அதை ‘வரைதள விளிம்பு’ என்றே எழுத வேண்டும். பின்னணியோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

‘எலிமென்ட்_பிளாங்க்’ என்பதை ‘வெள்ளை’ என்று எழுதிய குறிப்புகளையும் பார்த்தேன். அது குறித்த உறுப்பையே வரையாமல் விடுகிறது. படத்தை வண்ணத் தாளின்மேல் ஒட்டும்போது வெண்மைக்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும் என்பதால், ‘வெற்றுறுப்பு’ என்பதே தகும். ‘தீம்’ என்பதற்குக் ‘கருப்பொருள்’ என்று எழுதுவதையும் கைவிடுவோம். அகத்திணை மரபில் தெய்வம், உணவு, பறை, யாழ் முதலியவற்றைச் சுட்டும் அச்சொல்லுக்கும் நிறம், கோட்டுத் தடிமன் ஆகியவற்றின் தொகுப்புக்கும் தொடர்பில்லை. ‘தோற்றமைவு’ போதும்.

பிரித்த படங்களுக்கு மேலே ‘4’, ‘6’, ‘8’ என்று பெயர் தாங்கி நிற்கும் ‘ஸ்டிரிப்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘பட்டை’ என்றால் பட்டை விளக்கப்படத்தோடு மோதும். ‘நெற்றி’ என்றால், அது பக்கவாட்டிலும் வரக்கூடியது என்பதால் பொருந்தாது. இப்போதைக்குப் ‘பெயர்க்கீற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடத் தக்க சொல் உங்களிடம் இருந்தால், அதற்கான காரணத்தோடு எழுதுங்கள்.