மெழுகு கிரேயானில் போட்டால் அது ஓவியம் இல்லையா?

செவ்வாய்பேட்டை பென்சில்:
சேலத்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்காட்டு எஸ்டேட் படங்கள் சிலது கொடுத்தேன். எல்லாமே மெழுகு கிரேயான். "குழந்தைகள் பிரிவுல குடுங்க"ன்னு திருப்பிட்டாங்க. தலை நரைச்ச ஆளு நான்! படத்தைப் பார்க்காம டப்பாவைப் பார்த்து முடிவு பண்றது என்னங்க நியாயம்?

தைலவண்ணன்:
சொன்ன விதம் தப்பு, முடிவு சரி. ஸ்கூல் கிரேயானில் பல நிறம் வெளிச்சத்துல வெளுத்துடும். எண்ணெய் வண்ணம் காய்ஞ்சு இறுகும். மெழுகு காயவே காயாது. எப்ப நகம் பட்டாலும் கீறல்தான். காசு குடுத்து வாங்குறவருக்கு என்ன பதில் சொல்வீங்க?

செவ்வாய்பேட்டை பென்சில்:
இங்கிலாந்துச் சிற்பி ஹென்றி மூர் தெரியுமில்ல? 1940-41ல் லண்டன்ல குண்டு விழுந்தப்போ, சுரங்க ரயில் நிலையத்துல படுத்துக் கிடந்த சனங்களை வரைஞ்சாரே, அதுல மெழுகு கிரேயான் இருக்கு. சொந்தக்காரச் சிறுமிக்குப் படம் போட்டுக் காட்டும்போது, அவளோட மலிவு கிரேயான்லதான் அந்த வித்தையே அவருக்குப் பிடிபட்டுச்சு. மெழுகு மேல நீர்வண்ணம் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம்.
சில்வர் ஓக் மரத்துக்கு நான் பண்றதும் அதேதான். பட்டையில பாசி படிஞ்ச இடத்தை மட்டும் வெள்ளையும் வெளிர்பச்சையும் வச்சு அழுத்தித் தேய்ப்பேன். மேல தண்ணியான சாம்பல் கலரை ஓட விட்டா, மெழுகு இருக்கிற இடம் அப்படியே நிக்கும். மரத்துல ஏறுற மிளகுக் கொடி வேணுமா? கறுப்பை அப்பி, அரை பிளேடால சுரண்டுனா அடியில இருக்கிற பச்சை கோடா வரும். எண்ணெய்ல இது வருமா?

தைலவண்ணன்:
சுரண்டுறது எண்ணெய்லயும் வரும். தண்ணி ஒட்டாத அந்த மெழுகு வித்தை வராது, ஒத்துக்கறேன். ஆனா மூர் மையும் நீர்வண்ணமும் சேர்த்துத்தான் அதை முடிச்சார். வெறும் கிரேயான் இல்லைங்க.

அஸ்தம்பட்டி சட்டக்காரர்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். ஃபிரேம் போடுறது என் தொழில். கிரேயான் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விடுற மவுண்ட் அட்டை வைக்காம ஒட்டிப் போட்டா, சேலத்து மே மாச வெயிலுக்கு மெழுகு இளகிக் கண்ணாடியில அப்பிக்கும். மேல வெள்ளையா ஒரு பூப்பு வேற படியும். மெத்துன துணியால மெல்லத் துடைச்சா போயிடும். அதுக்காகப் படமே உதவாதுன்னு சொல்ல முடியாதுங்க. வாட்டர் கலரை மட்டும் கண்ணாடி இல்லாமலா மாட்டுறோம்?

தைலவண்ணன்:
அண்ணே, கீறலுக்குச் சொல்லிட்டீங்க. வெளுக்கறதுக்கு?

செவ்வாய்பேட்டை பென்சில்:
ஓவியர்களுக்குன்னே செஞ்ச கிரேயான் இருக்கே சார். சுவிட்சர்லாந்து கரன் டாஷ் கம்பெனி 1952லயே நியோகலர் கொண்டாந்துட்டாங்க.

தைலவண்ணன்:
அதை வாங்குனீங்களா? நீங்க கொடுத்தது எதுல போட்டது?

செவ்வாய்பேட்டை பென்சில்:
ரெண்டும் கலந்துதான். அந்த விலைக்கு மொத்தப் படத்தையும் போட்டா வீட்டுல சண்டை வரும். வானத்துக்கு நல்லது, கீழ காப்பிச் செடிக்கு ஸ்கூல் டப்பா.

தைலவண்ணன்:
அப்போ படத்துக்குப் பின்னால அதை எழுதிக் குடுங்க. என் எண்ணெய் ட்யூப்ல அல்ட்ராமரின்னா பிபி 29ன்னு நிறமி எண்ணே போட்டிருக்கு. உங்க ஸ்கூல் டப்பாவுல என்ன போட்டிருக்கு?

செவ்வாய்பேட்டை பென்சில்:
யானை படம். சரி, எழுதித் தரேன். குழந்தைகள் பிரிவுக்கு மட்டும் போக மாட்டேன்.